கடலடியிலிருந்து லயத்து வாசல் வரை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வரும்படி செயலாளர் கேட்டபோது, "பழைய ஞாபகங்களைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள். ஆனால் எங்களுக்கு விளங்கும்படி பேசுங்கள்" என்றார். என் தொழில் தொலைத்தொடர்பு. ஆகவே இணையம் எந்த வழியாக நம்மிடம் வருகிறது, வருகிற வழியில் எங்கே நின்றுவிடுகிறது என்ற இரண்டையும் பேசலாம் என்று நினைத்தேன்.

அதோ, மூலையில் ஒரு கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டொரொன்டோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் சென்னையிலும் இருக்கும் நம் அக்காமாரும் தங்கைமாரும் அதன் வழியாக இந்த விழாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் வணக்கம். இந்தப் படம் அவர்களிடம் எப்படிப் போகிறது என்று காலையில் சில பிள்ளைகளிடம் கேட்டேன். "சட்டலைட்டில் போகுது மிஸ்" என்றார்கள். பெரியவர்களைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும். கையில் வயர் எதுவும் இல்லாததால் எல்லாம் ஆகாயத்தில் போகிறது என்று நினைக்கிறோம்.

உண்மையில் ஆகாயத்தில் போவது இந்தத் தொலைபேசிக்கும் பக்கத்து மேட்டில் இருக்கும் கோபுரத்துக்கும் இடையிலான சிறு தூரம்தான். கோபுரத்திலிருந்து பெரும்பாலும் கண்ணாடி இழைக் கேபிள். அது பாதையோரமாக மலை இறங்கிக் கொழும்புக்குப் போகிறது. அங்கிருந்து கடலுக்குள் இறங்குகிறது. கண்டங்களுக்கிடையே போய்வரும் தகவலில் நூற்றுக்கு 95க்கும் மேல் கடலடிக் கேபிள்களில்தான் போகிறது. ஆழ்கடலில் கிடக்கும் அந்தக் கேபிள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பின் பருமன்தான். அதன் நடுவில் தலைமயிர் அளவில் சில கண்ணாடி இழைகள். அவற்றுக்குள் ஒளி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. ஓடும் ஒளி களைத்துப்போகும் என்பதால் 60 முதல் 100 கிலோமீற்றருக்கு ஒரு முறை அதற்குப் பலமூட்டும் கருவி ஒன்றைக் கேபிளிலேயே பொருத்தியிருப்பார்கள். அதற்கு வேண்டிய மின்சாரமும் கரையிலிருந்து அதே கேபிளில்தான் போகிறது. இங்கிருந்து லண்டனுக்குக் கேபிளுக்குள் ஓடும் நேரம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த வழி புதிய வழி அல்ல. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்தி வந்தது. அதே காலகட்டத்தில் மன்னார்க் கடலைக் கடந்து இந்தியாவுக்கும் தந்திக் கேபிள் போட்டார்கள். 1870இல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக லண்டன் வரை கடலடித் தந்தி பூர்த்தியானது. அந்தக் கேபிள்களுக்குள் தண்ணீர் புகாமல் காத்தது கட்டாபேர்ச்சா என்ற மரப்பால். மலாயாக் காடுகளில் அந்த மரங்களை இலட்சக்கணக்கில் வெட்டிச் சாய்த்து அதை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் நம் மலைகளில் கோப்பி. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. பிறகு தேயிலை வந்தது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. லண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் போகும் விலை தந்தியில் கொழும்புக்கு வரும். கொழும்பிலிருந்து தோட்டத்துத் துரையின் காரியாலயத்துக்கு வரும். 1924இல் பதுளைக்குப் புகையிரதம் வந்ததும் இதே காரணத்துக்காகத்தான். அதற்கடுத்த ஓரிரு வருடங்களில் தொடங்கியது நம் சங்கம்.

நான் சொல்ல வரும் விடயம் இதுதான். கம்பி, பாதை, தண்டவாளம் எல்லாம் மலைக்கு வந்தன. ஆனால் அவை தேயிலைக்காக வந்தன. தேயிலை இருந்த இடத்தில், அதாவது தொழிற்சாலையிலும் காரியாலயத்திலும், அவை நின்றுவிட்டன. அங்கிருந்து லயத்துக்கு இருக்கும் கடைசி மூன்று மைலை யாரும் தங்கள் பொறுப்பு என்று எடுக்கவில்லை.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விடயம் அல்ல. என் அம்மா மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்தவர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சித்தியின் குடும்பம் 1970களில் இந்தியா போனது. பதுளையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. விடுமுறைக்கு விடுதியிலிருந்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். லயத்துக்கென்று ஒரு முகவரி இல்லாததால் சித்தியின் பதில் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வரும். அங்கே பல நாள் கிடக்கும். சில கடிதங்கள் வந்து சேரவே இல்லை. கோத்தகிரியிலிருந்து பதுளைவரை ஒழுங்காக வந்த கடிதம், காரியாலயத்திலிருந்து லயத்துக்கு வர வழி தெரியாமல் நின்றது.

1990களில் நான் தொழிலுக்கு வந்த காலத்தில்தான் நம் நாட்டுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. 1994இல் சீ-மீ-வீ 2. தென்கிழக்காசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஐரோப்பா என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. பல நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் கூட்டாகப் பணம் போட்டுப் போட்ட கேபிள். அடுத்த வருடம் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது. அதன்பின் 39,000 கிலோமீற்றர் நீளமான சீ-மீ-வீ 3 கல்கிசையில் கரையேறியது. 2005இல் சீ-மீ-வீ 4. 2006இல் கல்கிசைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பாரத்–லங்கா கேபிள். 2016இன் கடைசியில் மாத்தறையில் சீ-மீ-வீ 5. வினாடிக்கு 24 டெராபிட் கொண்டுபோகும்படி வடிவமைத்த கேபிள் அது. 1994இல் வந்ததைவிடப் பல்லாயிரம் மடங்கு. இப்போது உலகில் புதிய கேபிள் போடுவதில் முன்னால் நிற்பவை தொலைபேசிக் கம்பனிகள் அல்ல. கூகுள், மெற்றா போன்ற கம்பனிகள். ஆபிரிக்காவைச் சுற்றி வரும் 2ஆபிரிக்கா என்ற கேபிளின் நீளம் மட்டும் 45,000 கிலோமீற்றர். உலகத்தைச் சுற்றி வந்தாலும் மிச்சமிருக்கும்.

அந்தக் கேபிள்களில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான், சித்தி கப்பலேறி 40 வருடம் கழிந்த பிறகு, என் கைத்தொலைபேசியில் அம்மா தன் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சித்திதான், "ஒனக்கும் நரைச்சிருச்சா?" என்று கேட்டார். கேபிள்களைப் பற்றி நான் எழுதிய எந்த அறிக்கையிலும் அந்தக் கேள்வியின் பெறுமதியை எழுத இடம் இருக்கவில்லை. ஆனால் அந்த அழைப்பை எடுக்க அம்மாவை வான் பிடித்துப் பசறை டவுனுக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. லயத்தில் சிக்னல் இல்லை.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? உலகம் முழுவதும் வருடத்துக்கு 150 முதல் 200 தடவை கடலடிக் கேபிள்கள் பழுதாகின்றன. பெரும்பாலும் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமுமே காரணம். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கேபிளை இழுத்தறுத்தது. நாட்டின் இணையத்தில் பெரும்பகுதி நின்றுபோனது. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவும் இலங்கையும் தடுமாறின. 2022இல் தொங்கா தீவில் எரிமலை வெடித்தபோது அவர்களுக்கிருந்த ஒரே வெளிநாட்டுக் கேபிள் அறுந்து, திருத்த ஐந்து வாரம் சென்றது.

மலைநாட்டுக்காரர்களாகிய நமக்குச் சட்டென்று விளங்கும் உதாரணம் ஒன்றும் உண்டு. 1929 நவம்பரில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. அதற்குப் பின் பல மணி நேரத்துக்குள் 12 தந்திக் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. காரணம் அப்போது பிடிபடவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் கழிந்து, எந்தக் கேபிள் எத்தனை மணிக்கு அறுந்தது என்ற குறிப்புகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். கடலுக்கடியில் மண் சரிந்து, சேறாகி, சரிவில் ஓடிக் கேபிள்களை அறுத்திருக்கிறது. அங்கேயும் மண்சரிவுதான்.

இந்த அனுபவங்களிலிருந்து எங்கள் தொழிலில் படித்த பாடம் ஒன்றே ஒன்று. ஒரு வழியை மட்டும் நம்பாதே. அதனால்தான் கல்கிசையிலும் கொழும்பிலும் கரையேற்றிய பிறகு மாத்தறையிலும் கரையேற்றினார்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று. அறுந்ததைத் திருத்தவும் கப்பல்கள் காத்திருக்கின்றன. கடலடியில் கொக்கி போட்டு முனைகளை மேலே இழுத்து, கப்பலிலேயே மேசை போட்டு, தலைமயிர் போன்ற இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, மறுபடியும் இறக்குவார்கள். கடலுக்கு இத்தனை ஏற்பாடு இருக்கிறது.

மலைக்கு என்ன ஏற்பாடு? 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது எல்லாருக்கும் தெரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் பெரிய இழப்பு. இந்த மண்டபத்திலும் உறவுகளை இழந்தவர்கள் இருக்கிறீர்கள். அந்த நாட்களில் கொழும்பில் இணையம் இருந்தது. இங்கே பாதை சரிந்தபோது பாதையோரத்துக் கேபிளும் சேர்ந்து போனது. மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் கோபுரங்களின் பெற்றரி முடிந்தது.

அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று ஆறு நாள் எனக்குத் தெரியாது. கோத்தகிரியிலிருந்து சித்தி ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எடுப்பார். அந்த அழைப்பு மேற்குத் தொடர்ச்சி மலை இறங்கி, கடலைக் கடந்து, கொழும்பிலிருந்த என்னிடம் குறையில்லாமல் வந்தது. "அக்கா எப்படி இருக்கு?" என்பார். இந்தியாவிலிருந்து கேட்பவருக்குப் பசறைக்கு அப்பால் நடப்பது தெரியவில்லை. கொழும்பில் இருக்கும் பொறியியலாளர் மகளுக்கும் தெரியவில்லை. ஆறாம் நாள் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் நடந்து டவுனுக்கு வந்து, "ஆயா நல்லாருக்காங்க, ஸ்கூல்ல இருக்காங்க" என்று சொன்னான். எங்களிடம் வந்து சேர்ந்த முதல் செய்தி கால்நடையாக வந்தது.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்போது முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த அறிவித்தல் கைத்தொலைபேசியில்தான் வருகிறது. சிக்னல் இல்லாத லயத்தில் அது யாருக்கு வரும்? ஆகவே கடைசி மூன்று மைல் என்பது யூடியூப் பார்க்கும் வசதி பற்றிய பேச்சு மட்டும் அல்ல.

இதைத் தீர்க்க ஆகாயத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று நாமும் காத்திருந்தோம். 2016இல் கூகுளின் இணையப் பலூன் இலங்கைக்கு வந்தது. பரீட்சார்த்தப் பலூன்களில் ஒன்று கம்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கிக் கிடந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். திட்டமிட்டுத்தான் இறக்கினோம் என்றார்கள். 2021இல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அதே 2021இல், கொரோனாவால் பாடசாலை மூடியிருந்தபோது, போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே மேடு ஏறியதும், லுணுகலைப் பிள்ளைகள் மரத்தின் மேல் பரண் கட்டிப் பாடம் படித்ததும் உலகச் செய்தி ஆனது. 2025 ஜூலையில் ஸ்ரார்லிங்க் வந்தது. நல்ல விடயம்; புயல் காலத்துக்கு மிகவும் உதவும். ஆனால் அதன் மாதக் கட்டணம் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் பல நாள் சம்பளம்.

இனித் தரவு மையம் பற்றிக் கொஞ்சம். நான் கேட்க வந்த உதவி அதோடு சம்பந்தப்பட்டது. நீங்கள் படத்தை "கிளவுட்டில்" வைத்திருக்கிறேன் என்று சொல்லும்போது அது மேகத்தில் இல்லை. சிங்கப்பூரிலோ சென்னையிலோ ஒரு கட்டடத்தில், இரவு பகலாக ஓடும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒன்றில் இருக்கிறது. அவை சூடாகும், குளிரூட்ட வேண்டும். 2024இல் உலகத் தரவு மையங்கள் உபயோகித்த மின்சாரம் ஏறத்தாழ 415 டெராவாட்-மணி என்கிறது சர்வதேச எரிசக்தி முகவரகம். நம் நாடு ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். அயர்லாந்தில் 2023இல் நூற்றுக்கு 21 பங்கு மின்சாரம் தரவு மையங்களுக்கே போனது. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு இடம் கொடாமல் நிறுத்தி வைத்தது. மின்சாரத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பது ஊவா மக்களுக்குத் தெரியும். உமாஓயாச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் நம் கண்முன் நடந்தவை.

தரவு மையக்காரர்கள் செய்யும் ஒரு புத்திசாலித்தனமான வேலையை நாமும் செய்யலாம். பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு படத்தை ஒவ்வொரு தடவையும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவர மாட்டார்கள். அதன் பிரதி ஒன்றைக் கேட்பவருக்குக் கிட்டவே வைத்துவிடுவார்கள். அம்மா ஒவ்வொரு வேளைக்கும் கடைக்கு ஓடாமல் மாதச் சாமானை வீட்டில் வாங்கி வைப்பது போல. நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பாடங்கள் அப்படிப்பட்டவைதானே? கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ பாடங்கள், கடந்தகால வினாத்தாள்கள், பாடநூல்கள், தமிழ் விக்கிப்பீடியா. எல்லாவற்றையும் ஒரு சிறு கணினியில் ஏற்றிக் கல்லூரி நூலகத்தில் வைத்தால், இணையம் இல்லாமலே பக்கத்தில் இருக்கும் எந்தத் தொலைபேசிக்கும் அது பாடம் கொடுக்கும். விலை ஒரு நல்ல கைத்தொலைபேசியின் விலைக்கு மேல் போகாது. அப்படி ஒன்றை நம் கல்லூரிக்கு நான் செய்து கொண்டுவந்திருக்கிறேன். அதிபரிடம் இன்று கொடுத்துவிட்டேன்.

ஆனால் நூலகத்தில் வைத்தால் அதுவும் பழைய தோட்டத்துக் காரியாலயம் போலத்தான். டவுனில் வந்து நின்றுவிடும். ஆகவே என் வேண்டுகோள் இரண்டு.

ஒன்று: நம் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு தோட்டத்துப் பாடசாலைக்கும் இப்படி ஒரு பெட்டி. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் பணம் அனுப்பலாம். அதைவிட முக்கியம், இங்கே இருப்பவர்கள் தவணைக்கு ஒரு தரம் போய்ப் புதிய பாடங்களை ஏற்றிவிட்டு வரவேண்டும். பெட்டி வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் ஆறு மாதத்தில் அது அலுமாரிக்குள் போய்விடும்.

இரண்டு: ஒவ்வொரு தோட்டத்திலும் நம் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். ஆசிரியையாக, மருத்துவமாதாக, சிறுவர் நிலையப் பொறுப்பாளராக இருக்கிறாள். அவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதுவோம். அடுத்த பெருமழையில் தொலைபேசி அறுந்தால், எந்த லயத்தில் யார் இருக்கிறார்கள், யாரை எங்கே கூட்டிப்போனார்கள் என்பதைக் கேட்க ஒரு ஆளும், டவுனுக்குக் கொண்டுவர ஒரு வழியும் முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். ஒரு வழியை மட்டும் நம்பாதே என்று கடல் சொல்லித்தந்த பாடத்தை மலைக்குக் கொண்டுவருவது என்றால் இதுதான். கேபிள் நமது கையில் இல்லை. இந்தக் கொப்பி நமது கையில் இருக்கிறது.

பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கேபிளை ஒட்டும் கைகளிலும் பாதையை வரையும் கைகளிலும் உங்கள் கையும் இருக்கலாம். லயத்தில் சிக்னல் இல்லாத கஷ்டம் தெரிந்த ஒருத்தி அந்த மேசையில் உட்கார்ந்தால், கடைசி மூன்று மைலை மறந்துவிட்டு வரைபடத்தை முடிக்க அவளுக்கு மனம் வராது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சித்தியோடு பேசுகிறார். ஆனால் தோட்டத்தில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் பேச முடியாமல்தான் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் அந்தக் கொப்பியோடு நான் நிற்பேன். உங்கள் பெயரையும் உங்கள் தோட்டத்தின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். திரையில் பார்ப்பவர்கள் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.